கூலேப்ரா கடற்கரையில் டாங்கி ஏன் நிற்கிறது, பெரிய ஹோட்டல் ஏன் இல்லை?

கேள்வி கேட்டவர் கூலேப்ரா தீவில் இருக்கிற ஃப்ளமென்கோ கடற்கரையின் படம் ஒன்றைப் பார்த்திருக்கிறார். வெள்ளை மணல், பச்சையும் நீலமுமாகத் தண்ணீர், ஓரத்தில் வர்ணம் பூசிய ஒரு துருப்பிடித்த ராணுவ டாங்கி. உலகின் சிறந்த கடற்கரைகள் என்று போடுகிற பட்டியல்களில் அடிக்கடி வருகிற இடம், ஆனால் கரையில் பெரிய ஹோட்டல் ஒன்றுகூடத் தெரியவில்லையே, ஏன்? குடும்பத்தோடு போனால் சரிப்படுமா? இதுதான் அவருக்குத் தெரியவேண்டியது. டாங்கிக்கும் ஹோட்டலுக்கும் பதில் ஒரே இடத்தில் தொடங்குகிறது. அந்த டாங்கியை அங்கே கொண்டுவந்து நிறுத்தியவர்களால்தான் அந்தக் கரையில் ஹோட்டல் வரவில்லை.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். கூலேப்ரா, கரீபியன் கடலில் புவேர்ட்டோ ரிக்கோவின் பெரிய தீவுக்குக் கிழக்கே சுமார் 27 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற குட்டித் தீவு. சுற்றியுள்ள திட்டுகளையும் சேர்த்தால் பரப்பு ஏறக்குறைய 30 சதுர கிலோமீட்டர். புவேர்ட்டோ ரிக்கோவில் மொத்தம் 78 நகராட்சிகள்; மக்கள்தொகையில் கடைசி இடம் இதற்குத்தான். 2020 கணக்கெடுப்பில் 1,792 பேர். நம் ஊரில் ஒரு நடுத்தர கிராமத்து ஜனம்கூட இல்லை. ஆனாலும் தனி மேயர், தனி நகராட்சி மன்றம், தனி விமான நிலையம் எல்லாம் உண்டு. புவேர்ட்டோ ரிக்கோ அமெரிக்காவின் ஆட்சிக்குட்பட்ட பகுதி என்பதால் பணம் டாலர், விசா அமெரிக்க விசா.

தீவில் ஆறு கிடையாது, வருடம் முழுக்க ஓடுகிற ஓடை ஒன்றும் கிடையாது. மழையும் குறைவு. மலை என்று சொல்லிக்கொள்ள ரெசாகா என்று ஒன்று, 200 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. விவசாயத்துக்கு இது சாபம். குடியேற்றமே 1880-ல்தான் ஒழுங்காகத் தொடங்கியது. ஆனால் கடற்கரைக்கு இதுவே வரம். ஆறு இருந்தால் மண்ணையும் சேற்றையும் அடித்துக்கொண்டு வந்து கடலில் கொட்டும், தண்ணீர் கலங்கும், பவளப்பாறைகள் மூச்சுத் திணறும். இங்கே அது இல்லாததால் தண்ணீர் கண்ணாடி போலத் தெளிந்து கிடக்கிறது, கரையோரப் பவளம் பிழைத்திருக்கிறது, அந்தப் பவளம் நொறுங்கித்தான் மணல் அப்படி வெளுத்திருக்கிறது. இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், சரிவுகளில் மண்சாலை வெட்டி வீடு கட்டத் தொடங்கினால் முதலில் அடிபடுவது இந்தத் தெளிவுதான். பெருமழை ஒன்று பெய்தால் போதும், ஆறு செய்யாத வேலையைச் சாலை செய்துவிடும். தீவில் கட்டுமானம் பற்றிய சண்டை எழும்போதெல்லாம் நடுவில் இருப்பது இந்த விஷயம்.

சரி, டாங்கிக்கு வருவோம். 1898-ல் ஸ்பெயினுடன் நடந்த போருக்குப் பிறகு புவேர்ட்டோ ரிக்கோ அமெரிக்காவின் கைக்குப் போனது. அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் 1901-ல் கூலேப்ராவில் இருந்த அரசு நிலங்களைக் கடற்படையிடம் ஒப்படைத்தார். தீவின் உள்பக்கம் குடைந்து செல்கிற ஆழமான விரிகுடா ஒன்று இருக்கிறது, என்செனாடா ஓண்டா. கப்பல்கள் ஒதுங்க அருமையான இடம். அதன் கரையில் இருந்த சான் இல்டெஃபோன்சோ என்ற ஊரை அப்படியே காலி செய்யச் சொல்லி, மக்களை வேறு பக்கம் அனுப்பினார்கள். புதிதாக எழுந்த ஊருக்கு டூயி என்று பெயர்; மணிலா விரிகுடாவில் ஸ்பெயின் கப்பற்படையை முறியடித்த அட்மிரல் ஜார்ஜ் டூயியின் பெயர். தங்களைக் கிளப்பிவிட்ட படையின் தளபதி பெயரிலேயே ஊர் நடத்தவேண்டிய நிலை.

இன்னொரு வேடிக்கை. அதே ரூஸ்வெல்ட் 1909-ல் தீவின் ஒரு பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார். ஃப்ளமென்கோ தீபகற்பத்தில் ஆலாப் பறவைகள் ஆயிரக்கணக்கில் வந்து முட்டையிடும். பின்னாளில் கடற்படை குண்டுபோட்டுப் பழகியதும் அதே தீபகற்பத்தில்தான். ஒரே நிலம், காகிதத்தில் சரணாலயம், நடைமுறையில் சுடுகளம்.

1930-களின் இறுதியில் குண்டுவீச்சுப் பயிற்சி ஆரம்பித்தது. கப்பலிலிருந்து பீரங்கி, வானத்திலிருந்து குண்டு, ராக்கெட் என்று கிட்டத்தட்ட நான்கு தசாப்தம். வியட்நாம் போர் உச்சத்தில் இருந்தபோது பயிற்சியும் உச்சத்துக்குப் போனது. அப்போது தீவில் இருந்தவர்கள் எழுநூறு சொச்சம் பேர். அந்த ஜனத்தையும் மொத்தமாக வெளியேற்றிவிட்டால் தொல்லை விட்டது என்ற யோசனையும் கடற்படையில் ஓடியது. குறி தப்பிய குண்டுகள் மக்கள் புழங்குகிற இடத்துக்குப் பக்கத்தில் விழத் தொடங்கியதும் ஊர் பொறுமை இழந்தது.

1970, 71-ல் நடந்த போராட்டம் தனியாக எழுதவேண்டிய கதை. மேயர் ராமோன் ஃபெலிசியானோ தலைமையில் ஊர்க்காரர்கள் திரண்டார்கள். ரூபன் பெர்ரியோஸ் தலைமையிலான புவேர்ட்டோ ரிக்கோ சுதந்திரக் கட்சி வந்து சேர்ந்தது. அமெரிக்காவிலிருந்து குவேக்கர் கிறிஸ்தவ அமைதி ஆர்வலர்களும் வந்தார்கள். சுடுகளமாக வேலி போட்டிருந்த ஃப்ளமென்கோ கடற்கரையில் போய் முகாமிட்டு, கையால் ஒரு சிறு மரத் தேவாலயம் கட்டினார்கள். ஆள் உட்கார்ந்திருக்கும் இடத்தில் சுட முடியாதே, அதுதான் கணக்கு. கடற்படை தேவாலயத்தை இடித்தது, இவர்கள் மறுபடி எழுப்பினார்கள். பெர்ரியோஸ் உள்ளிட்டோர் கைதானார்கள். அவருக்கு மூன்று மாதம் சிறை. கடைசியில் 1975-ல் பயிற்சி நின்றது. ஆனால் நின்றது கூலேப்ராவில் மட்டும். தெற்கே இருக்கிற வியேக்கஸ் தீவில் சுமை கூடியது. அங்கே 1999-ல் காவலாளி ஒருவர் குண்டுக்குப் பலியாகி, பெரும் போராட்டம் வெடித்து, 2003-ல்தான் கடற்படை வெளியேறியது.

இப்போது கரீபியனின் மற்ற கடற்கரைகளை நினைத்துப் பாருங்கள். ஹோட்டல் சங்கிலிகள் நிலம் வாங்கிக் குவித்த ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் ஃப்ளமென்கோவில் குண்டு விழுந்துகொண்டிருந்தது. யாரும் அங்கே முதலீடு செய்ய வரவில்லை, வந்திருந்தாலும் நிலம் விற்பனைக்கு இல்லை. கடற்படை போனபிறகு நிலத்தில் ஒரு பகுதி மத்திய அரசின் வனவிலங்குத் துறைக்கும், இன்னொரு பகுதி புவேர்ட்டோ ரிக்கோ அரசுக்கும் போனது. கடற்படை வெளியேறிய அதே 1975-ல் கூலேப்ராவுக்கென்றே பாதுகாப்பு மற்றும் வளர்ச்சி ஆணையம் ஒன்றைச் சட்டம் போட்டு அமைத்தார்கள். ஃப்ளமென்கோவையும் அங்கே இருக்கிற கூடாரத் தளத்தையும் நிர்வகிப்பது அந்த ஆணையம்தான். கரையில் நீங்கள் பார்ப்பது சில தின்பண்டக் கடைகள், குளியலறை, வண்டி நிறுத்துமிடம், மரநிழலில் கூடாரங்கள், அவ்வளவுதான். தங்குமிடங்கள் ஊர்ப்பக்கம், சிறு விடுதிகளும் வாடகை வீடுகளுமாக இருக்கின்றன. புவேர்ட்டோ ரிக்கோவில் கடற்கரை எல்லாமே பொதுச்சொத்து. யாரும் தனியாருக்கு என்று வேலி போட முடியாது என்பதும் சேர்ந்துகொள்கிறது.

அமெரிக்கக் கடற்படை இயற்கையைக் காப்பாற்றியது என்று இதைத் திருப்பிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சு பிடிப்பதில்லை. காப்பாற்ற நினைத்து யாரும் அங்கே இருக்கவில்லை. நிலம் தப்பியது உண்மை; தப்பிய விதத்துக்கு யாருக்கும் நன்றி சொல்லத் தேவையில்லை. பவளப்பாறை மேல் விழுந்த குண்டுகள் இன்னும் தண்ணீருக்கடியில் கிடக்கின்றன.

டாங்கிகள் இரண்டு. இலக்கு வைத்துச் சுடுவதற்காகக் கொண்டுவந்து போட்டவை, இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஷெர்மன் ரகம். ஒன்று கடற்கரையின் மேற்குக் கோடியில், கிட்டத்தட்ட அலையிலேயே நிற்கிறது. கிட்டே போய்ப் பார்த்தால் படத்தில் தெரியாத சில விஷயங்கள் தெரியும். சங்கிலிப் பற்கள் பாதி மணலுக்குள் புதைந்திருக்கும். உப்புக்காற்றில் இரும்பு அடுக்கடுக்காக உரிந்து, சில இடங்களில் விரலால் தொட்டாலே பொடிப்பொடியாக உதிரும். அதன் மேல் வருபவர் போகிறவர் எல்லாம் பூசிய வர்ணம், ஒன்றின் மேல் ஒன்றாக, தகட்டை விடத் தடிமனாக ஏறியிருக்கும். துருவும் வர்ணமும் மாறி மாறி வென்றுகொண்டிருக்கின்றன என்று சொல்லலாம். குழந்தைகள் ஏற ஆசைப்படுவார்கள். விளிம்புகள் கூர்மை, கவனம்.

கவனம் என்றதும் முக்கியமான ஒன்று. வெடிக்காத குண்டுகள். கடற்படை போனதும் எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிட்டார்கள் என்று நினைக்கவேண்டாம். இங்கே சட்டமே குறுக்கே நின்றது. கடற்படையை இடம் மாற்ற வழி செய்த 1974-க்கான ராணுவக் கட்டுமானச் சட்டத்திலேயே, கூலேப்ராவின் அந்தச் சுடுகளத்தைச் சுத்தப்படுத்த மத்திய அரசு பணம் செலவழிக்கக்கூடாது என்று ஒரு வரியை நுழைத்துவிட்டார்கள். வேறெங்கும் பழைய சுடுகளங்களைச் சுத்தம் செய்கிற ராணுவப் பொறியாளர் படை, இங்கே மற்றப் பகுதிகளில் வேலை செய்துகொண்டு, ஃப்ளமென்கோ தீபகற்பத்தில் மட்டும் கைகட்டி நிற்கவேண்டியிருந்தது. 2015-க்கான பாதுகாப்புச் சட்டத்தில்தான் அந்தத் தடையைத் தளர்த்தி, கடற்கரை, கூடாரத் தளம், நடைபாதை போன்ற மக்கள் புழங்கும் இடங்களைச் சுத்தம் செய்ய வழிவிட்டார்கள். நாற்பது வருடம் ஆகியிருக்கிறது. இடையில் பழைய வெடிபொருள் கண்ணில் பட்டு, கரையின் ஒரு பகுதியை மூடி, நிபுணர்கள் வந்து எடுத்துச் சென்ற சம்பவங்கள் உண்டு.

இதைக் கேட்டுப் பயந்துவிட வேண்டாம். ஃப்ளமென்கோவில் தினமும் கூட்டம் குளிக்கிறது. விதி எளிது: எச்சரிக்கைப் பலகை இருக்கிற இடத்தில் பாதையை விட்டு விலகாதீர்கள், தண்ணீருக்கடியில் உலோகமாக எது கிடந்தாலும், எவ்வளவு அழகாகப் பவளம் மூடியிருந்தாலும், தொடாதீர்கள். முக்குளிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் அழுத்தமாகவே நினைவில் வைக்கவேண்டும்.

ராணுவத்தைப் பற்றி இவ்வளவு போதும். இன்றைக்குக் கூலேப்ராக்காரர்களிடம் எது பெரிய பிரச்சினை என்று கேட்டால் குண்டைச் சொல்லமாட்டார்கள், படகைச் சொல்வார்கள்.

பெரிய தீவிலிருந்து அரசுப் படகு வருகிறது. முன்பு ஃபஹார்டோ என்ற ஊரிலிருந்து கிளம்பியது. 2018 முதல் சேய்பாவிலிருந்து. அந்த சேய்பாத் துறை இருக்கிற இடம் ரூஸ்வெல்ட் ரோட்ஸ் என்ற பழைய கடற்படைத் தளம்; வியேக்கஸிலிருந்து கடற்படை கிளம்பியதும் அடுத்த வருடமே மூடப்பட்டது. சுற்றுலாப் பயணிக்கு ஒரு வழிக் கட்டணம் பல வருடங்கள் 2.25 டாலராகத்தான் இருந்தது. பெரிய தீவில் ஒரு காபி விலைகூட அதைவிட அதிகம். இவ்வளவு மலிவு என்றால் விடுமுறை நாளில் என்ன ஆகும் என்று யோசியுங்கள். காலைப் படகில் குளிர்பெட்டி, குடை, நாற்காலி, கூடாரம் சகிதம் கூட்டம் ஏறும். அதே படகைத்தான் தீவுக்காரர் மருத்துவரைப் பார்க்க, அரசு அலுவலகத்தில் கையெழுத்துப் போட, மகளின் கல்லூரிக்குப் போய்வர நம்பியிருக்கிறார். தீவில் மருத்துவமனை கிடையாது, ஒரு சிறு சிகிச்சை மையம் மட்டும். பிரசவம் என்றால் பெரிய தீவுக்குத்தான் போகவேண்டும். படகு பழுதாகி நிற்பது அங்கே அபூர்வமான செய்தி அல்ல. உள்ளூர்க்காரர்களுக்கு முன்னுரிமை என்று விதி இருக்கிறது, தனி வரிசையும் உண்டு. வெயிலில் ஒரு மணி நேரம் காத்திருக்கிற பயணிக்கு, பின்னால் வந்தவர் முன்னால் ஏறுவதைப் பார்த்தால் எரிச்சல் வரும். வரக்கூடாது. அவர் வீட்டுக்குப் போகிறார், நீங்கள் குளிக்கப் போகிறீர்கள்.

குடிநீரும் மின்சாரமும்கூடப் பெரிய தீவிலிருந்து, வியேக்கஸ் வழியாக, கடலுக்கடியில்தான் வருகின்றன. அரிசியிலிருந்து ஆணி வரை கப்பல் சாமான். 2017 செப்டம்பரில் முதலில் இர்மா, இரண்டு வாரத்தில் மரியா என்று இரண்டு புயல் அடித்தபோது இந்தத் தொப்புள்கொடி அறுந்துபோய், ஒரு வருடத்துக்கும் மேலாக ஜெனரேட்டரில்தான் தீவு ஓடியது. பெரிய ஹோட்டல் வராததற்கு இன்றைய காரணத்தை இங்கேதான் தேடவேண்டும். முந்நூறு அறைக்கு வேண்டிய தண்ணீர், மின்சாரம், வேலையாட்கள், சாமான் எல்லாம் இந்த ஒற்றைக் குழாயிலும் ஒற்றைப் படகிலும் வந்தாகவேண்டும்.

ஹோட்டல் வரவில்லை என்பதால் தீவு தப்பித்துவிட்டது என்றும் சொல்லமுடியாது. அதற்குப் பதிலாக வீடுகள் வந்துவிட்டன. வெளியாட்கள் வாங்கி, பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விடுகிற வீடுகள். ஆசிரியருக்கும் செவிலியருக்கும் மாத வாடகைக்கு வீடு கிடைப்பது வரவரக் கடினமாகிறது. ஹோட்டலை எதிர்த்தால் ஒரு முதலாளியை எதிர்த்தால் போதும். இது சிறுகச் சிறுக நடப்பது, யாரைப் பார்த்துக் கோஷம் போடுவது? 1971-ல் கடற்கரையில் உட்கார்ந்து ஜெயித்த ஊருக்கு இது புதுவிதச் சங்கடம்.

இனி, குடும்பத்தோடு போகலாமா என்ற கேள்வி. தாராளமாகப் போகலாம். மாலைப் படகைப் பிடிக்கிற அவசரத்தில் ஒரே நாளில் ஓடிவராமல், இரண்டு இரவாவது தங்குங்கள். தங்கினால் ஊர்க்கடைக்கும் நாலு காசு சேரும், நீங்களும் ஃப்ளமென்கோவைத் தவிர வேறு எதையாவது பார்ப்பீர்கள்.

ஃப்ளமென்கோ குதிரைலாட வடிவத்தில் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர் நீளம். வடக்கே பார்த்த கரை என்பதால் நவம்பரிலிருந்து மார்ச் வரை அட்லாண்டிக்கின் பெரிய அலை உள்ளே வரும், இழுப்பும் இருக்கும். சிறு பிள்ளைகள் இருந்தால் அந்த மாதங்களில் மேற்குக் கரைக்குப் போங்கள். டமரிண்டோவில் கடற்புல் மேய வருகிற பச்சை ஆமைகளை முகமூடியும் சுவாசக்குழாயும் இருந்தாலே பார்த்துவிடலாம். துரத்தாமல் ஒரே இடத்தில் மிதந்துகொண்டிருந்தால் அவையே பக்கத்தில் வந்து மூச்சு வாங்கிப் போகும். அதை ஒட்டிய லூயிஸ் பேனா கால்வாய் 1999 முதல் மீன்பிடிக்கத் தடை உள்ள பகுதி, பவளம் பார்க்க நல்ல இடம். ஃப்ளமென்கோ வண்டி நிறுத்துமிடத்திலிருந்து மேடேறி இறங்கினால் கார்லோஸ் ரோசாரியோ. இருபது நிமிட நடை, நிழல் இல்லை, கடை இல்லை, தண்ணீர் கையில் வேண்டும். கிழக்கே சோனி கடற்கரையில் கூட்டம் குறைவு, எதிரே செயின்ட் தாமஸ் தீவு தெரியும். கூலேப்ரீட்டா என்கிற பக்கத்துத் திட்டுக்குச் சிறு படகில் போனால் 1886-ல் கட்டி முடித்த கலங்கரை விளக்கம் இடிந்த நிலையில் நிற்கிறது. ரெசாகா, பிராவா இரண்டு கரைகளிலும் ஏழுவரி ஆமைகள் முட்டையிட ஏறும். அந்தப் பருவத்தில் இரவில் அங்கே போகக்கூடாது.

இரவில் நீலமாக ஒளிரும் விரிகுடாவைத் தேடி இங்கே வருகிறவர்கள் நிறைய. அது வியேக்கஸில் இருக்கிறது. இரண்டு தீவையும் ஒரே வரியில் எழுதுகிற பயணக் குறிப்புகள் செய்கிற வேலை இது.

தீவுக்குள் சுற்ற ஜீப்போ கோல்ஃப் வண்டியோ வாடகைக்குக் கிடைக்கும். ஃப்ளமென்கோ மட்டும் போதும் என்றால் துறையில் நிற்கிற பங்கு வேனில் ஏறிக்கொள்ளலாம். பெரிய தீவில் எடுத்த வாடகைக் காரைச் சேய்பாவிலேயே நிறுத்திவிடுங்கள். வாரநாளில் போங்கள்; ஈஸ்டருக்கு முந்தைய புனித வாரமும் ஜூலை மாதமும் புவேர்ட்டோ ரிக்கோக்காரர்களே திரண்டு வருகிற காலம், இடம் கிடைக்காது. ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை புயல் பயம். படகுச்சீட்டை முன்பதிவு செய்யும்போதே திரும்புவதற்கும் சேர்த்து எடுத்துவிடுங்கள். ஊர் திரும்பும் சர்வதேச விமானத்தை, கூலேப்ராவிலிருந்து கிளம்புகிற அதே நாளில் வைக்காதீர்கள். தலைநகர் சான் ஹுவானிலிருந்தும் சேய்பாவிலிருந்தும் சிறு விமானங்களும் உண்டு, செலவு பலமடங்கு. ஆனால் இரண்டு குன்றுகளுக்கு நடுவே சட்டென்று சாய்ந்து திரும்பி இறங்குகிற அந்தக் கடைசி நிமிடம் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது. வயதானவர்கள் கூட வந்தால் படகையே எடுங்கள், குமட்டலுக்கு ஒரு மாத்திரை போட்டுக்கொண்டு.